மூன்று பேருக்கு ஒரு கயாக்

1. ஓட்டையோடு வந்த சரக்கு

பெரம்பலூரில் ஒரு தண்ணீர்த் தொட்டி ஏஜென்சியில் விற்பனை பார்க்கிறேன். மொட்டை மாடியில் வைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க்தான் எங்கள் முக்கிய வியாபாரம். டேங்க் வார்க்கும் கம்பெனி சில வருடங்களுக்கு முன் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகையும் வார்க்க ஆரம்பித்தது. இரண்டுக்கும் பிளாஸ்டிக் தூள் ஏறக்குறைய ஒன்றுதான், அச்சுதான் வேறு. ஒருநாள் டேங்க் லோடோடு இரண்டு கயாக் வந்து இறங்கின.

"டேங்க் விக்கிறவன்ட்ட படகக் குடுத்தா என்னய்யா பண்றது? முன்னாடி வையி. பாக்குறவன் பாக்கட்டும்" என்றார் முதலாளி.

வைத்தோம். முதலில் வந்த விவசாயி விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டுறதா?"

"இல்லீங்க, படகு."

குனிந்து அடியைப் பார்த்தார். "ஓட்ட இருக்கு. ஓட்டப் படகையா விக்கிறீங்க?"

அவர் கேட்டது நியாயம்தான். இந்த வகைக் கயாக்கில் ஆள் உள்ளே இறங்கி உட்காருவதில்லை, மேலே உட்காருகிறார். கயாக்கின் உடல் முழுவதும் மூடிய கூடு. உட்காரும் பள்ளத்தில் தெறித்து விழும் தண்ணீர் வடிந்துபோகத்தான் அந்த ஓட்டைகள். அவை மேலிருந்து கீழே ஊடுருவிப் போகுமே தவிர, கூட்டுக்குள் திறப்பதில்லை. ஓட்டையே இல்லை என்று சத்தியம் செய்து டேங்க் விற்றுவந்தவன், ஓட்டை ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதாயிற்று. நம்பியவர்கள் குறைவு. முதலாளியே நம்பவில்லை. மறுநாள் பார்த்தால் டேங்க் ஒட்டும் பசையை வைத்து இரண்டு ஓட்டையை அடைத்திருந்தார். ஸ்குரூ டிரைவரால் நோண்டி எடுத்தேன்.

2. மண்டித் தராசு

செட்டிகுளத்திலிருந்து செல்வராசு வந்தது ஒரு மழைக்காலம் முடிந்த சமயம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறவர். கூட மனைவி கலா, ஏழாவது படிக்கும் மகள்.

"அண்ணே, மீனுக்குப் போற மாதிரி ஒண்ணு வேணும். அப்பப்ப வூட்டோட சும்மாவும் போயிட்டு வரணும்."

"எந்தத் தண்ணி?"

"எங்க ஊரு ஏரிதான். பல வருசத்துக்கப்பறம் இந்த மழைக்குத்தான் ரொம்பியிருக்கு. குத்தகக்காரர்ட்ட சொல்லிட்டேன். தூண்டில்னா போட்டுக்க, வல பக்கம் மட்டும் போவாதன்னுட்டாரு."

பாதி வேலை முடிந்தது. எங்கள் பக்கத்தில் ஏரி மீன் ஏலத்தில் குத்தகைக்குப் போகும். குத்தகைதாரரிடம் கேட்காமல் கயாக் வாங்கிப் போனவர், வாங்கிய வேகத்தில் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்ததும் உண்டு.

செல்வராசு நேராக ஒற்றை இருக்கை மாடலுக்குப் போனார். தூண்டில் செருக இரண்டு குழல், பின்னால் ஒரு பள்ளம்.

"இந்தப் பள்ளத்துல பாப்பா உக்காந்துக்கும்."

"அது ஐஸ் பெட்டி வைக்கிற எடங்க. ஆள் உக்காரக் கூடாது."

"அப்ப இது" என்று அகலமான குடும்ப மாடலுக்கு வந்தார். முன்னும் பின்னும் இருக்கை, நடுவில் சிறியவர்களுக்கு ஒரு மேடு. "பாப்பா முன்னாடி, நான் பின்னாடி."

"நானு?" என்றார் கலா.

"நீ கரையில இரு. சோத்து மூட்டயப் பாத்துக்க ஆள் வேணாமா? தண்ணின்னா ஒனக்குப் பயம் வேற."

"பயம்னு யாரு சொன்னா?"

எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அப்போது கேட்டேன். "யாருக்காவது நீச்சல் தெரியுமா?"

"எங்க வூட்டுல யாருக்கும் தெரியாதுண்ணே. இதுக்கு முன்னாடி எங்க ஊருல கெணத்துலயே தண்ணி கெடயாது."

"எனக்குத் தெரியும்" என்றார் கலா.

செல்வராசு திரும்பினார். "ஒனக்கா?"

"கொள்ளிடக் கரையில பொறந்தவளுக்குத் தெரியாம என்ன? ஜெயங்கொண்டத்துல பஸ் மாறி பொண்ணு பாக்க வந்தீங்கல்ல, ஆத்தப் பாக்கலியா?"

"அப்ப மணலுதான் இருந்துச்சு. இத்தன வருசத்துல நீ சொல்லவே இல்லியே?"

"கேட்டீங்களா? செட்டிகுளத்துல எங்க நீந்திக் காட்டச் சொல்றீங்க, வெங்காயம் சேத்து வைக்கிற பட்டறையிலயா?"

மகள் சிரித்தாள். முதலாளி கல்லாவில் குனிந்துகொண்டார்.

அடுத்தது எடை. குடும்ப மாடலின் ஸ்டிக்கரில் இருநூற்று நாற்பது கிலோ என்று போட்டிருக்கும். அது கயாக் முங்காமல் தாங்கும் உச்ச அளவு. ஆட்டமில்லாமல் ஓட வேண்டுமென்றால் முக்கால் பங்கோடு நிறுத்துவது எங்கள் வழக்கம். நூற்றெண்பது.

"நான் எழுவத்தஞ்சுண்ணே" என்றார் செல்வராசு. கலா டேங்க் அடுக்கைப் பார்த்தார்.

பக்கத்துக் கடை மக்காச்சோள மண்டி. வாசலிலேயே பெரிய எடை மேடை இருக்கிறது.

"கடத்தெருவுல நின்னு எட போடணுமா? ஆள வுடுங்க" என்றார் கலா.

"தனித்தனியா வேணாம்மா. மூணு பேரும் ஒண்ணா ஏறுங்க. மொத்தம் தெரிஞ்சாப் போதும்" என்றார் முதலாளி. அவருக்கு இந்த மாதிரி நேரங்களில் புத்தி நன்றாக வேலை செய்யும்.

ஏறினார்கள். இருநூற்றுப் பதினாலு.

"கூடுதுங்க. ஒருத்தர் எறங்குங்க" என்றேன்.

செல்வராசு இறங்கினார். நூற்றிருபது.

மகள் மனக்கணக்குப் போட்டுவிட்டாள். "அப்பா தொண்ணூத்திநாலு!"

"தராசு தப்பு" என்றார் செல்வராசு.

"மூட்டைக்கெல்லாம் சரியாத்தாங்க காட்டுது" என்றார் முதலாளி.

மகள் அதே வேகத்தில் ஒரு காலைத் தூக்கினாள். கலா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ எறங்காத." பிறகு இருவரும் ஒன்றாகவே இறங்கினார்கள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை; மகள் எப்படியும் முப்பத்தைந்துக்குக் குறைய மாட்டாள், அது போதும்.

"மூணு பேர்ல எந்த ரெண்டு பேரும் போலாம். ஒருத்தர் கரையில நிக்கணும். யாருன்னு நீங்களே பேசிக்கங்க."

"பேச என்ன இருக்கு?" என்றார் கலா. "மாத்தி மாத்தி நிக்கலாம். எனக்கு ஒரு துடுப்பு வேணும். சோத்துக்குக் காவலா நான் வரல. அப்புடின்னா இத வாங்கவே வேணாம்."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் குரல் உயர்த்தாமல் சொன்னார். செல்வராசு ஒற்றை இருக்கை மாடலை ஒருமுறை பார்த்தார். பிறகு, "துடுப்பு ரெண்டு போடுங்கண்ணே" என்றார்.

3. முன் இருக்கை

முதல் தடவை தண்ணீரில் இறக்கும்போது கடை ஆள் கூடப் போவது எங்கள் முறை. அந்த ஞாயிறு நான் போனேன். லைஃப் ஜாக்கெட் மாட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, திரும்ப ஏறிப் பழகச் சொல்வோம். கலா முதல் முயற்சியில் ஏறினார். செல்வராசு பலமுறை வழுக்கி, கடைசியில் வயிற்றால் தவழ்ந்து ஏறினார்.

"அப்பா, முதலை மாதிரி இருக்கீங்க" என்றாள் மகள்.

அம்மாவும் மகளும் முதலில் போனார்கள். செல்வராசு கரையில் தூண்டிலைப் போட்டு, கவைக் குச்சியில் சாய்த்துவிட்டு, மீனைப் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் இறங்கினாள், அவர் ஏறினார். தூண்டிலையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். முதல்நாள் கை துடுப்பில்தான் இருக்க வேண்டும் என்று தடுத்துவிட்டேன். மகள் தூண்டிலுக்குக் காவல், நான் மகளுக்குக் காவல்.

இருவர் போகும் கயாக்கில் எடை கூடியவர் பின்னால் உட்கார வேண்டும். துடுப்பின் தாளம் முன்னால் இருப்பவருடையது. பின்னால் இருப்பவருக்கு அவர் முதுகு தெரியும், முன்னால் இருப்பவருக்கு இவர் தெரியமாட்டார். இதைச் சொன்னதும், "தண்ணியிலயும் அவ சொல்றதுதானா?" என்றார் செல்வராசு.

போனார்கள். துடுப்போடு துடுப்பு மோதியது. "மெதுவாப் போடு." "நீங்க வேகமாப் போடுங்க." குரல் கரைவரை கேட்டது. ஏரி நடுவில் கயாக் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கரையில் தூண்டில் வளைந்தது.

"அப்பா, மாட்டிருச்சு! பெருசுப்பா!"

"வுடாத! இழுக்காத! வுட்டுப் புடி!" செல்வராசு மூச்சைப் பிடித்துத் துடுப்பு போட்டார். கயாக் இன்னும் வேகமாகச் சுற்றியது.

கலா தன் துடுப்பை மடியில் வைத்தார். "மொதல்ல நிறுத்துங்க."

"மீனு போவுது கலா!"

"போவட்டும். நிறுத்துங்க."

நிறுத்தினார். கயாக் நின்றது.

"என் தோளப் பாருங்க. நான் எந்தக் கையோ, அந்தக் கை."

வலது, இடது, வலது. கயாக்கின் மூக்கு கரைப்பக்கம் திரும்பியது. அதன்பிறகு நேர்கோட்டில் வந்தார்கள். துடுப்புகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. மகளும் நானும் தூண்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினோம். கரை நெருங்கியபோது தூண்டில் நரம்பு அறுந்தது. வால் ஒருமுறை தண்ணீரை அடித்துவிட்டுப் போனது.

"போச்சுப்பா" என்றாள் மகள், அழுகிற குரலில்.

செல்வராசு அறுந்த நரம்பைப் பார்த்தார். இறங்கவில்லை.

"கலா, இன்னொரு சுத்து போயிட்டு வரலாமா? இப்பத்தான் கை வந்துச்சு."

"பாப்பா நிக்கிறா."

"ஒரே ஒரு சுத்து" என்றார். மகளே கயாக்கைத் தள்ளிவிட்டாள்.

அதற்குமுன் வாடிக்கையாளரிடம் என் முதல் கேள்வி, "மீன் பிடிக்கவா, சும்மா போகவா?" என்பதுதான். இப்போது கயாக் கேட்டு ஒருவர் தனியாக வந்தால் மாடலைக் காட்டுவதில்லை. வீட்டில் உள்ள எல்லோரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். வராதவருக்கு எது பயம், எது தெரியும் என்று வந்தவர் சொல்வதை வைத்துக் கயாக் தேர்ந்தெடுக்க முடியாது. வந்தவர் தன் எடையைச் சொல்வதை வைத்தும் முடியாது.