மடிக்கணினியில் ஒரு சந்தனப் பொட்டு

மச்சாளின் பழைய மடிக்கணினியின் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு இருக்கிறது. நடுவில் குங்குமம் வைத்த இடம் கறுத்துப் போய்விட்டது. மகள் படிக்க ஒரு கணினி வேண்டுமென்று போன கிழமை அதை அலுமாரியிலிருந்து இறக்கினேன். ஈரத்துணியால் துடைத்தும் பொட்டு போகவில்லை. அழுத்தித் தேய்க்க எனக்கும் மனம் வரவில்லை.

மச்சாள் என் மனைவியின் தங்கை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அதனால் கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் ஆரையம்பதியில் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். மாமி இந்த வீட்டை மூத்த மகளான என் மனைவிக்குக் கொடுத்துவிட்டு, இளையவளுக்கென்று அதே வளவில் இன்னொரு வீடு கட்டத் தொடங்கினார். மச்சாள் கணினி படித்து முடித்தபோது அதன் சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. அப்போதுதான் கொழும்பில் ஒரு நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டது. மாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஊரோடு ஒரு வேலை கிடைத்தால் போகமாட்டேன் என்று மச்சாள் வாக்குக் கொடுத்தாள்.

கிடைக்கும்போலத்தான் இருந்தது. தோணிகள் கரைக்கு வந்ததும் இன்றைக்கு என்ன மீன், எவ்வளவு இறால் என்று டவுனில் உள்ளவர்கள் போனிலேயே பார்க்க ஒரு செயலி வேண்டுமென்று மீனவர் சங்கத் தலைவர் கேட்டிருந்தார். “முதல்ல ஏதாவது ஒண்டப் போன்ல காட்டுங்க பிள்ளை. மறுகா கூட்டத்துல பேசி வேலையத் தாறம்” என்றார். வெறும் தொடக்கத் திரையே போதும், அதற்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் கணினி தானே எல்லாவற்றையும் இறக்கி அடுக்கிவிடும் என்று மச்சாள் எங்களுக்கு விளங்கப்படுத்தினாள். எனக்குப் பாதி விளங்கியது. மாமிக்கு விளங்கியது ஒன்றே ஒன்று: புது வேலை தொடங்கப்போகிறது, நல்ல நேரம் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு நிலை வைப்பதுபோலவே எல்லாம் நடந்தது. ஐயரிடம் நேரம் கேட்டு வந்து, மேசையில் கும்பம் வைத்து, கணினிக்குப் பொட்டிட்டு, தலைவரையும் அழைத்து உட்காரவைத்தார் மாமி. வீட்டுக்குள் சிக்னல் குறைவு என்பதால், இணைப்புக் கொடுத்த என் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நான் யன்னலோரம் நின்றேன். கந்தோர் உத்தியோகத்தில் கோப்புத் தூக்கிப் பழகிய கை அது, வலிக்கவில்லை. “தொடங்கினாப் பிறகு ஒத்தரும் கை வைக்கப்படா” என்று கட்டளை போட்டார் மாமி. மச்சாள் கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து, மாமி கற்பூரம் காட்டியதும் தட்டினாள். சில வரிகள் ஓடி வந்தன. பிறகு நின்றுவிட்டன.

நாங்கள் காத்திருந்தோம். “முடிஞ்சிட்டா மகள்?” என்று மாமி கேட்டுக்கொண்டே இருந்தார். மச்சாள் திரையையே பார்த்திருந்தாள். தட்டியதும் வேலை தொடங்கிவிட்டதா, இல்லை இறக்கி முடித்தால்தான் தொடங்கியதாகுமா என்று மாமிக்கும் தலைவருக்கும் ஒரு சிறு விவாதமே நடந்தது. அதற்குள் இராகு காலம் பிறந்துவிட்டது. மச்சாள் மெல்ல மூடியைச் சாத்தினாள்.

தலைவர் தேத்தண்ணி குடித்துவிட்டு, கணினி பழசு என்றார். மாமி நேரத்தைக் குறை சொன்னார். நான் சிக்னலைச் சொன்னேன். அடுத்த நல்ல நாள் வருமுன் மச்சாள் கொழும்புக்காரருக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள். அங்கிருந்து அவுஸ்திரேலியா போய்விட்டாள். யன்னல் மட்டத்தில் நின்றுபோன அந்தச் சுவர்களுக்குள் இப்போது மாமி வெண்டி நட்டிருக்கிறார்.

போன கிழமை அந்தக் கறுப்புத் திரையைத் திறந்தேன். மேல் அம்புக்குறியை அழுத்தினால் கடைசிக் கட்டளை திரும்ப வரும் என்று மச்சாள் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. வந்தது. தட்டினேன். அதே சில வரிகள், அதே நிற்பு. கற்பூரமும் கும்பமும் இல்லாததால் இந்த முறை கடைசி வரியை நிதானமாக வாசித்தேன். சிலவற்றை இறக்கி நிறுவ வேண்டும், தொடரலாமா என்று கணினி கேட்டுக்கொண்டிருந்தது. ஆம் என்று ஒரு எழுத்தைத் தட்டினால் போதும். அன்றைக்கு நாங்கள் அதற்காகக் காத்திருந்தோம், அது எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறது.

நாங்கள் சரி, தெரியாதவர்கள். அவள் படித்தவள் அல்லவா?  உடனே அவுஸ்திரேலியாவுக்கு அழைத்தேன்.

அந்தக் கடைசி வரியை வாசித்துக் காட்டினேன். அவள் சொன்னாள்: “அண்டைக்கே அதக் கண்டன் அத்தான். அம்மா கை வைக்காத எண்டதால இல்ல. ஓம் எண்டு குடுக்க விரல் வரல்ல. போக விருப்பமா, இரிக்கப் பயமா, இண்டைக்கும் எனக்கே தெரியா. அம்மாட்ட சொல்லிராதீங்க.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாமியை நினைத்துப் பாவமாக இருந்தது, அவளை நினைத்தாலும் பாவமாகத்தான் இருந்தது. யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல், பொட்டு வைத்த அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசி வரி அப்படியே இருந்தது.

வெண்டிக்காய் ஆய்ந்துகொண்டு வந்த மாமி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். மச்சாளின் கணினி என்று கண்டுகொண்டார்.

“முடிஞ்சிட்டா மகன்?”

“இன்னும் இல்ல மாமி” என்றேன்.