யாருமில்லாத வகுப்பு

போன வாரம் கூரியரில் கனமான ஒரு புத்தகம் வந்தது. பிரித்ததுமே பசையும் வார்னிஷும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. எங்கள் பழைய புரொபசரின் நினைவு மலர் அது. வழவழத்த தாளில் சால்வைகளோடு அவர் படங்கள் நிறைய இருந்தன. சிஷ்யர்களின் கட்டுரைகளில் பாதி, அவர் கண்டுபிடித்த 'வகுப்பு' பற்றியவை. புத்தகத்தை மூடிப் பின்கட்டு வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவினேன். இந்த வயதில் இவ்வளவு அருவருப்பு எதற்கு என்று என்னையே கேட்டுக்கொண்டு, இன்னொரு முறையும் சோப்புப் போட்டேன்.

அந்த நெடிக்கு ஒரு அக்காள் உண்டு. நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷினின் மை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் டியூட்டராகச் சேர்ந்தபோது, கணக்குத் துறையின் பின்னறையில் அந்த மெஷின் இருந்தது. ஓட்டும் வேலை என்னுடையது. கையில் ஏறிய மை சோற்றிலும் மணக்கும். கூடவே அந்த அறையில் இன்னொரு வாடையும் இருந்தது. புரொபசர் ஓயாமல் வெற்றிலை போடுவார். துப்புவதற்கு மேசைக்கடியில் ஒரு பால்பவுடர் டப்பா. அது நிறைந்ததும் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவி வைக்க வேண்டியது ஆராய்ச்சி மாணவர்கள். நான் பெண் என்பதால் தப்பித்தேன். என் பெண் பிறப்பால் கிடைத்த சலுகை இது ஒன்றுதான் என்று அப்போது சொல்லிக்கொள்வேன்.

எங்கள் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஊர் ரிஷிவந்தியத்தில் என் அண்ணனும் கேட்டான். ரப்பர் வட்டம் ஒன்றை இழு, வளை, நெளி, என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் இரண்டு புள்ளிகள் ஒரே இடத்தில் போய் விழக் கூடாது, தன் மேலேயே மடியக் கூடாது. அப்படி வட்டத்தை விரிக்கிற சூத்திரங்களுக்கு யூனிவேலண்ட் சார்புகள் என்று பெயர். "இதுக்கா சம்பளம் குடுக்கறானுவ?" என்றான் அண்ணன். அதன் அழகு அவனுக்குத் தெரியாது. விரிந்த உருவத்தின் நடுவிலிருந்து பார்த்தால் எல்லாப் புள்ளியும் மறைப்பில்லாமல் தெரியும் என்றால் அது ஒரு வகுப்பு. எங்கிருந்து பார்த்தாலும் எல்லாமே தெரியும் என்றால் அது இன்னும் சிறந்த வகுப்பு. இந்தத் துறையின் பெரிய ஊகம் ஒன்றை எங்கோ ஒருவர் அப்போதுதான் நிரூபித்து முடித்திருந்தார். மலை ஏறியாகிவிட்டது. கீழே நின்றவர்கள் ஆளுக்கொரு கூழாங்கல்லைப் பொறுக்கி அதற்குப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள்.

எங்கள் புரொபசர் அதில் கெட்டிக்காரர். தெரிந்த வகுப்பு ஒன்றை எடுப்பார். நிபந்தனையில் ஒரு ஆல்பாவைச் செருகுவார். கட்டுரை வந்துவிடும். மறு வருஷம் ஒரு பீட்டா. அடுத்த சிஷ்யனுக்கு ஒரு லாம்டா. கிரேக்க எழுத்து தீர்ந்துவிடுமோ என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

கரிராமன் ஆராய்ச்சி மாணவனாக வந்தது அந்தச் சமயத்தில். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் உள்ளே தள்ளி அவன் ஊர். அந்த மலையிலிருந்து கணக்கில் எம்.எஸ்சி. முடித்து வந்தவன் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான். ஒல்லியாக, சட்டைக் காலர் பித்தானையும் போட்டுக்கொண்டு இருப்பான். என்னை 'அக்கா' என்பான். வந்த மறுநாளே டப்பா அவன் கைக்குப் போனது. முகம் சுளிக்காமல் கொட்டிக் கழுவி வைப்பான். பார்க்கிற எனக்குத்தான் குமட்டும்.

அந்த வருஷங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. சாலையோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே போட்டிருப்பார்கள். பஸ் ஓடாது. என் அண்ணனே எலவனாசூர்கோட்டை ரோட்டில் மறியலில் உட்கார்ந்து, போலீஸ் தடியால் முட்டி வீங்கி வந்தான். "நம்ம புள்ளைங்களும் ஆபீசுல போயி குந்தணும் பாப்பா" என்று வீங்கிய காலை நீட்டிக்கொண்டு சொன்னான். அதில் பொய் இல்லை. எங்கள் புரொபசரும் மேடையேறிப் பேசினார். படிக்க வழியில்லாத பிள்ளைகளைப் பற்றிப் பேசி, மைக்கின் முன்னால் கண்ணைத் துடைத்தார். அண்ணன் கைதட்டினான்.

அதற்கு அடுத்த நாள் துறையில் செமினார். பேச வேண்டியவன் கரிராமன். புரொபசரின் புதிய வகுப்பைப் பற்றி. அந்த வகுப்பை நம்பி இரண்டு பேர் ஏற்கெனவே டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார்கள். மூன்றாவதாக நான் எழுதிக்கொண்டிருந்தேன். கரிராமன் போர்டில் நிபந்தனையை எழுதினான். சற்று நேரம் அதையே பார்த்தான். பிறகு திரும்பி, மெதுவாகத்தான் சொன்னான்.

"சார், நடுப்புள்ளில இதோட மதிப்பு ஒண்ணு. நாம போட்டிருக்கிற ஆல்பா, பீட்டாவுக்கு, வட்டத்துல எங்கியுமே ஒண்ணுக்குக் கம்மியாவக் கூடாதுன்னு வருதுங்க. நடுவுல இருக்கறது சுத்தியிருக்கறதோட சராசரிதானுங்க. அதுவே எல்லாத்துலயும் கம்மின்னா, அது எங்கியும் மாறவே முடியாது. அப்ப வட்டத்த அப்பிடியே வுட்டுட்ற சார்பு ஒண்ணுதான் உள்ள இருக்கும். வேற யாரும் இந்த வகுப்புல இல்லீங்க."

மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. எல்லைகள், ஆரங்கள், கெழுக்களின் மதிப்பீடுகள் என்று நாங்கள் பக்கம் பக்கமாக நிரூபித்தது எல்லாம், ஆளே குடியில்லாத வீட்டுக்கு எழுதிய முகவரி.

புரொபசர் குனிந்து டப்பாவில் துப்பினார். வாயைத் துடைத்தார்.

"மலையிலேர்ந்து கோட்டாவுல எறங்கி வந்தவன்லாம் எனக்குப் பாடம் எடுக்கறதா? ஒக்காருடா."

முந்தின நாள் சாயங்காலம் மைக்கின் முன்னால் அழுத அதே வாய். ஓரத்தில் சிவப்பு இன்னும் வழிந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் வெற்றிலைச் சிவப்பைக் கண்டால் அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குக் காதில் கேட்கிறது.

மற்றவர்கள் போன பிறகு கரிராமனையும் என்னையும் நிறுத்தி வைத்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவ்வளவு வெகுளியாக இருந்திருக்கிறேன். குரல் தணிந்து, கிட்டத்தட்ட அன்பாகவே பேசினார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா? போன வருசமே தெரியும். ஆனா தியரம் எதுனா தப்பா? இல்லாதவனப் பத்தி இன்னா சொன்னாலும் சரிதான். ஒருத்தனும் படிக்கப் போறதில்ல. இன்னொரு எழுத்தச் சேத்துக்க, ஒன் பேரும் போட்டுட்றேன். டாக்டராயிட்டு மலைக்குப் போ. இன்னா சொல்ற?"

கரிராமன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாங்க சார்."

"ஏண்டா?"

"கொமட்டுதுங்க."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். டப்பா நிறைந்தபடி மேசைக்கடியிலேயே இருந்தது. நானும் எழுந்து போனேன். வேறு ஊரில் வேறு வழிகாட்டியைத் தேடி முதலிலிருந்து தொடங்க எனக்குப் பல வருஷங்கள் பிடித்தன. அதற்கு முன் நிர்வாகத்திடம் புகார் சொல்லிப் பார்த்தேன். "தியரம் தப்பு இல்லன்னு அவுரே சொல்றாரேம்மா" என்று காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

செமினார் நடந்த அன்று கரிராமன் ஊருக்குப் போக பஸ் இல்லை. அண்ணனைக் கூப்பிட்டேன். நடந்ததைக் கேட்டதும் அவன் முகம் கறுத்துப்போயிற்று. "அந்தாளு பேச்சுக்கா நான் கை தட்டிக்கினு நின்னேன்?" என்று தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். பிறகு கரிராமனை டிராக்டரில் ஏற்றிக்கொண்டான். வழியில் மரம் போட்டிருந்த இடங்களில், ஓட்டுகிறவன் தங்கள் ஆள்தான் என்று கண்டு, மறியல்காரர்களே கிளைகளை இழுத்து வழிவிட்டார்களாம். கச்சிராயபாளையம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். அங்கிருந்து கரிராமன் மலையேறி நடந்தான்.

கரிராமன் அந்தத் தவறை ஒரு பக்கத்தில் எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினான். திருத்தம் சரியானது, ஆனால் வெளியிடும் அளவுக்குச் சுவாரசியமானது அல்ல என்று பதில் வந்ததாம். அந்த வகுப்பைப் பற்றி அதே சஞ்சிகை பிறகும் கட்டுரை போட்டது.

பல வருஷம் கழித்து மலைக்குப் போனேன். கோமுகி அணையைத் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறியதில் எனக்குத் தலை சுற்றியது. கரிராமன் அங்கே ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் வாத்தியார். தலை நரைத்திருந்தது. காலர் பித்தான் இப்போதும் போட்டிருந்தான். சாமைச் சோறும் அவரைக்குழம்பும் போட்டான். பிள்ளைகளுக்குப் பின்னம் வரமாட்டேன் என்கிறது என்று கவலையோடு சொன்னான்.

நான் போனது ஒரே ஒரு காரணத்துக்காக. பஸ் ஓடாத ஒரு வாரம், காலியாகக் கிடந்த கல்லூரியில் அவன் எனக்கு ஒன்றைப் போர்டில் போட்டுக் காட்டியிருந்தான். எங்கிருந்து பார்த்தாலும் எல்லாம் தெரிகிற அந்தச் சிறந்த வகுப்பைப் பற்றி. அது நிஜமான சார்புகள் நிறைந்த வகுப்பு. ஏழெட்டு வரிதான் இருக்கும். நடுவில் ஒரு திருப்பம். அதைப் பார்த்ததும் நான் வாய்விட்டுச் சிரித்தேன், அவ்வளவு எளிதாக இருந்தது. எழுதி அனுப்பு என்றேன். அனுப்புவான் என்றே இருந்துவிட்டேன்.

"அத எழுதுனியாடா?"

சாப்பிட்ட கையோடு அப்படியே யோசித்தான். வெளியே பிள்ளைகள் தட்டுக் கழுவும் சத்தம்.

"எதுங்க்கா?"

நான் போர்டை, ஜன்னலை, அந்த வாரத்தைச் சொன்னேன். எனக்கு நினைவிருந்த முதல் வரியைக் காற்றில் எழுதிக் காட்டினேன். அவன் விரலும் கூடவே கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது.

"மறந்துபூட்டேங்க்கா" என்றான். வருத்தம்கூட இல்லை.

பஸ்ஸில் இறங்கி வரும்போது நான் முயன்றேன். வீட்டில் உட்கார்ந்து பல மாதம் முயன்றேன். இரண்டாவது வரிக்கு மேல் போகவில்லை. அது சிறியது, அது உண்மை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.