பாதி நாள் பள்ளிக்கூடம்

கொச்சியில் மீன் விற்கலாம், மிளகு விற்கலாம், ஜூ டவுன் பழம்பொருள் கடைகளில் கால் உடைந்த நாற்காலியைக்கூட மகாராஜா உட்கார்ந்தது என்று சொல்லி விற்றுவிடலாம். ஆனால் பெற்றோருக்குத் தைரியத்தை இலவசமாகக் கொடுத்தால்கூட வாங்க ஆளில்லை.

என் வேலை அதுதான். படிப்பு மெதுவாக வரும் பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, ஓரிடத்தில் உட்காராத பிள்ளை, இவர்களைப் பெற்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன உரிமை இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்து, அதைக் கேட்கவும் வைக்க வேண்டும். சொல்லிக் கொடுப்பது சுலபம். கேட்க வைப்பதற்குள் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிட்டது. என் மகன் சின்னவனாக இருந்தபோது அவனுக்காகச் சண்டை போட்டுப் பழகி, அவன் வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விட முடியாமல் மட்டாஞ்சேரியில் ஒரு வத்தல் மிளகாய் குடோனின் மாடியில் அறை பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்து இடுப்பு வலி வாங்கிய என் இனத்தவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன், போதும்.

நன்றி, டீச்சர்

செல்வியும் முருகேசனும் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்கள். அவர் துணி தேய்க்கிறார், அவள் சுக்கு குடோனில் வேலை. மகள் முத்துமாரி மூன்றாம் வகுப்பு. புத்தி கொஞ்சம் மெதுவாக வளர்கிற பிள்ளை, கால் மட்டும் ரொம்ப வேகம். பாடம் நடக்கும்போதே எழுந்து வாசல் வரைக்கும் போய்விடுவாள். அதனால் தினமும் மத்தியானக் கஞ்சி முடிந்ததும் பள்ளியிலிருந்து போன் வரும், வந்து கூட்டிப் போ என்று. செல்வி வேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள். குடோன் மேஸ்திரி இனி பொறுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். பிள்ளையை நாலு மணி வரைக்கும் பள்ளியில் வைத்துக்கொண்டால் சரி. இல்லாவிட்டால் படிப்பை நிறுத்தி, ஊரில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

விசாரித்தால், கூட்டிப் போகும் ஒவ்வொரு நாளும் செல்வி தலைமையாசிரியைக்குக் கைகூப்பி நன்றி சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் மல்லிகைப்பூ வேறு. அந்த அம்மாள் இந்த ஏற்பாட்டில் இவளுக்குப் பரம திருப்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நினைக்காமல் என்ன செய்வார்? "பிள்ளையைப் பாதியில் துரத்துகிறவர்களுக்கு எதுக்கடி நன்றி?" என்று கத்திவிட்டேன். செல்வி நிதானமாகப் பதில் சொன்னாள்.

"பாதி நாளாவது வச்சிருக்காகளேக்கா."

சாமி அலமாரி

சரி, முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளட்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எளிய தமிழில் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனால், புத்தகம் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் குங்குமத்தோடு நிற்கிறது. ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே வரத்தையே சாமியாக்கி வைத்துவிட்டார்கள்.

"பெரிய பெரிய விஷயமெல்லாம் எழுதியிருக்குன்னு சொன்னீகளேக்கா, கீழ வைக்க மனசு வரல."

கண்ணீர் விட்ட அதிகாரி

நானே கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிப் போட்டேன். விசாரிக்க ஒரு சார் வந்தார். மலையாளி, சாதுவான மனிதர், மாடிப்படி ஏறியதற்கே மூச்சு வாங்கினார். செல்வியும் இன்னும் சில தாய்மார்களும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். செல்வி வாய் திறந்த நேரம் பார்த்துக் கீழே குடோனில் வத்தல் மூட்டையைக் கவிழ்த்துவிட்டார்கள். எங்களுக்கு மூக்கு மரத்துப்போய் நாளாகிவிட்டது. அவருக்கு இரண்டு கண்ணிலும் தாரை தாரையாகக் கொட்டியது. பேச முயன்றார், விக்கல்தான் வந்தது.

தாய்மார்கள் உருகிப்போனார்கள். தங்கள் கதையைக் கேட்டு ஒரு அதிகாரி அழுது அவர்கள் பார்த்ததேயில்லை. ஒருத்தி விசிறினாள், ஒருத்தி சாயா வாங்க ஓடினாள். செல்வி தண்ணீர்ச் செம்பை நீட்டி, "அழாதீக சார், எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு" என்று ஆறுதல் சொன்னாள். இதற்கு மேல் எந்த மனிதரால் இது மிளகாய் என்று சொல்ல முடியும்? அடுத்த வாரமே பள்ளியில் கூட்டம் வைப்பதாக ஒப்புக்கொண்டார். படி இறங்கும்போது என்னிடம் மட்டும், தனக்குத் தெரிந்த தமிழில், மெதுவாகச் சொன்னார்.

"சேச்சி, முதல்ல மிளகாய்தான். அப்புறம் மிளகாய் இல்ல."

ஒத்திகை

கூட்டத்துக்கு முன்னால் நான் எல்லாப் பெற்றோருக்கும் ஒத்திகை வைப்பேன். ஒருவர் தலைமையாசிரியர், ஒருவர் பெற்றோர். பள்ளிகள் சொல்லும் காரணங்கள் எனக்கு மனப்பாடம். முதலில் குழந்தைக்கே கஷ்டம் என்பார்கள்; அப்புறம் மற்ற பிள்ளைகளின் பெற்றோர் புகார் சொல்கிறார்கள் என்பார்கள்; அப்புறம் ஆள் இல்லை; கடைசியில், நோக்காம். நம் ஊர்ப் "பார்க்கலாம்" தான், அதே லட்சணம்தான்.

செல்வி பேசிப் பழக வேண்டும் என்பதற்காக முருகேசனைத் தலைமையாசிரியை ஆக்கினேன். அதுதான் நான் செய்த தப்பு. வாழ்நாள் முழுக்க மேசைக்கு இந்தப் பக்கமே நின்ற மனிதர், அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆளே மாறிவிட்டார். மூக்குக்கண்ணாடி இல்லாமலேயே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பேனாவை மேசையில் தட்டினார். "நோக்கு செல்வீ, குட்டிக்குத் தன்னே கஷ்டமாணு" என்று முதல் காரணத்தை இழுத்தார் பாருங்கள், செல்வி உடனே எழுந்து, "சரிங்க டீச்சர், கூட்டிட்டுப் போயிருதேன்" என்று கைகூப்பிவிட்டாள்.

தினமும் சாயங்காலம் ஒத்திகை நடந்தது. இடத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னால் முருகேசன் நாற்காலியை விடமாட்டார். ஆனால் ஒரு நன்மை. டீச்சர் என்றால் நன்றி சொல்லும் செல்விக்குப் புருஷன் என்றால் பயமே கிடையாது. இரண்டாம் நாள் முணுமுணுத்தாள், மூன்றாம் நாள் எதிர்த்துப் பேசினாள், கடைசி நாள் மேசையைத் தட்டினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதுதான் முருகேசன் என்னைத் தனியாக அழைத்து, கவலையோடு சொன்னார்.

"யக்கா, யோசிச்சுப் பார்த்தா டீச்சர் பக்கம்தான் நியாயம் இருக்கும் போல தெரியுது."

மேசைக்கு அந்தப் பக்கம்

கூட்ட நாளில் செல்வி பட்டுப் புடவை கட்டி வந்தாள். வந்ததும் வழக்கம் போல நன்றி சொன்னாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த சாரும் வந்திருந்தார். தலைமையாசிரியை பேனாவை மேசையில் தட்டி, "நோக்கு செல்வீ, குட்டிக்குத் தன்னே கஷ்டமாணு" என்று ஆரம்பித்தார். அவர் மூச்சு விட நிறுத்திய இடத்தில், பக்கத்திலிருந்து முருகேசன், "பின்னே, மற்ற குட்டிகளுடெ அச்சனும் அம்மையும் பராதி பறயுன்னு" என்று அடுத்த காரணத்தை, அந்தப் புகார்க் கதையை, எடுத்துக் கொடுத்தார். பழக்கதோஷம், வேறென்ன. அந்த அம்மாள் திகைத்து வாயை மூடுவதற்குள், ஸ்டாஃப் இல்லை என்பதையும் அவரே சொல்லி முடித்து, ஒரு பெருமூச்சு விட்டு, "நோக்காம்" என்றும் சொல்லிவிட்டார். பெருமூச்சு உட்பட எல்லாம் அச்சு அசல்.

எனக்கு உயிரே போய்விட்டது. காரியம் கெட்டது, பிள்ளை ஊருக்குப் போனாள் என்றே நினைத்தேன். ஆனால் செல்விக்கு அந்தக் குரலைக் கேட்டதும் ஒத்திகை ரோஷம் தலைக்கேறிவிட்டது. தலைமையாசிரியையை மறந்தாள், புருஷன் பக்கம் திரும்பினாள். "என்ன கஷ்டம்? வாசப்பக்கம் உக்கார வச்சா ஓடத்தான் செய்வா. முன் பெஞ்சுல உக்கார வைங்க. முடியாத நேரம் செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுங்க, ஊத்திட்டு வந்து உக்காருவா. புகார் சொல்லுதவங்க பிள்ளைக்கு மட்டுந்தான் நாலு மணி வரைக்கும் பள்ளிக்கூடமா? என் பிள்ளைக்கு என்ன, பாதிப் பிள்ளையா? எழுதிக் குடுங்க, முடியாதுன்னு எழுதிக் குடுங்க!" என்று மேசையில் ஓங்கித் தட்டினாள். தலைமையாசிரியையின் மேசை. முருகேசன் நடுங்கிப்போய், கை கட்டிக்கொண்டு, "சரி, சரி, நாலு மணி வரைக்கும் இருக்கட்டும்" என்று அனுமதி கொடுத்தார்.

சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, டீச்சருக்குச் சொல்ல இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். எதுவும் பாக்கியில்லை, எல்லாவற்றையும் முருகேசன் சொல்லிவிட்டிருந்தார். அந்த அம்மாளுக்கு முதலில் முகம் சிவந்தது, பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கெட்டவர் அல்ல, இத்தனை நாள் அவரிடம் யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை, அவ்வளவுதான். முன் பெஞ்சு, செடிக்குத் தண்ணீர், ஸ்பெஷல் டீச்சர் வரும் நாள், நாலு மணி என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்து, பேனாவை மூடிக்கொண்டே, தன் நாற்காலியைக் காட்டிச் சொன்னார்.

"முருகேசா, இனி என்றெ கசேரயிலும் கூடி நீ இருந்நோ."

வயிற்று வலி

மழை விட்டுக் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் செல்வி போன் செய்தாள். மூச்சு இரைத்தது. மறுபடியும் துரத்திவிட்டார்களா என்றுதான் நினைத்தேன். "யக்கா, மாரி பொய் சொல்லுதா!" என்றாள். என்ன பொய்? வயிற்று வலியாம், பள்ளிக்கூடம் வேண்டாமாம். சொல்லிவிட்டுப் பழம்பொரி, அதுதான் நேந்திரம்பழ பஜ்ஜி, தின்றுகொண்டிருக்கிறாளாம். அன்று மத்தியானத்துக்கு மேல் வாய்ப்பாடு சொல்ல வேண்டிய நாள் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருக்கிறார்.

செல்வி சிரித்தாள், நடுவே மூக்கையும் உறிஞ்சிக்கொண்டாள். இத்தனை காலம் பள்ளிக்கூடம்தான் முத்துமாரியை வேண்டாம் என்றது. அவள் பள்ளிக்கூடத்தை வேண்டாம் என்பது இதுதான் முதல் தடவை. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விடு என்றேன். செல்வி போனை மகளிடம் கொடுத்தாள். வாய் நிறையப் பழம்பொரியோடு, ரொம்ப மரியாதையாக, முத்துமாரி என்னிடம் முறையிட்டாள்.

"அக்கா, எனக்குப் பாதி நாள் போதும்."

எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள உரிமைகளை வாங்கித் தருவதுதான் என் தொழில், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவதும் அவற்றில் ஒன்று என்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.