பகலில் தூங்கும் மாப்பிள்ளை

புதுச்சேரியில் கல்லை விட்டெறிந்தால் ஓர் இன்ஜினியர் மேல்தான் விழும். நானும் அப்படிக் கல்லடி பட வேண்டிய ஆள்தான். படித்து முடித்து ஊர் முழுக்க வேலை தேடி அலைந்ததில் ஒன்று மட்டும் புரிந்தது. இங்கே பகல் வேலைக்கு ஆள் அதிகம், அதனால் சம்பளம் கம்மி. இரவு வேலைக்கு ஆள் கம்மி, அதனால் அலவன்ஸ் உண்டு. சென்னைக்குப் போனால் இன்னும் கூடக் கிடைக்கும். ஆனால் அந்தக் கூடுதலை வீட்டு ஓனர் அப்படியே வாங்கிக்கொள்வார். ஆகவே சேதராப்பட்டில் மருந்து பாட்டில் செய்யும் கம்பெனியில் நிரந்தர நைட் ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனேன். அலவன்ஸோடு ஓர் அவித்த முட்டையும் தருவார்கள். பகல் ஷிப்டுக்கு முட்டை கிடையாது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

எங்கள் வீடு இருக்கும் முத்தியால்பேட்டையில் பகலில் தூங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மீன்காரம்மா போனதும் லேத் பட்டறை ஆரம்பிக்கும், பட்டறை ஓய்ந்தால் கோயில் மைக் ஆரம்பிக்கும். கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு தூங்குவதற்காகத் தவணையில் ஒரு ஏசி வாங்கினேன். அதாவது இரவில் வேலை செய்வதற்காகப் பகலில் ஏசி, அந்த ஏசிக்குத் தவணை கட்டுவதற்காக இரவில் வேலை. இதைப் பெரிய சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தரகர் ஒரு ஜாதகம் கொண்டு வந்தார். பெண் லாஸ்பேட்டை, தனியார் பள்ளியில் டீச்சர். போட்டோவைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. முடிந்தால் இந்த இடம்தான் முடிய வேண்டும் என்று உறக்கத்தில்கூட வேண்டிக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா ஒரு கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பென்ஷன் என்று காலணா வராது. சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் கொஞ்ச நாள் படித்ததில் நாலு வார்த்தை தங்கியிருந்தது. அவர் யாருக்கும் சொல்லாமல் எங்கள் தெருவுக்கு வந்து, முனையில் இஸ்திரி போடுகிறவரிடம் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்.

“அந்தத் தம்பியா? வேலைக்கெல்லாம் போயி நான் பாத்ததில்லீங்க. பகல் பூரா ஏசி போட்டுக்கினு தூங்கும். ஆனா பணத்துக்குக் கொறச்சல் இல்ல.”

வேறு ஊராக இருந்தால் இதற்குத் தண்டச்சோறு என்று அர்த்தம். எங்கள் ஊரில் வேறு அர்த்தமும் உண்டு. அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாமில் இருக்கும் சைகோன் வரை போய் வந்தவர்களைச் சொல்தா என்போம். அவர்கள் வீட்டுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும், பேரப்பிள்ளைகள் கையில் அந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கும். வேலைக்குப் போகாமல் ஏசியில் தூங்குகிறவன் சொல்தா வீட்டுப் பிள்ளையாகத்தானே இருக்க வேண்டும்? தரகர் கம்பெனி வேலை என்று சொன்னதை, சும்மா ஒரு கௌரவத்துக்குச் சொன்னது என்று மனிதர் தள்ளிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெண் பார்க்கப் போனோம். ஊருக்கு அது காலை பத்து மணி, எனக்கு நடுராத்திரி. வாசலிலேயே பெண்ணின் அப்பா “பொன்ழூர்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி வரவேற்றார். கொட்டாவியை அடக்கிக்கொண்டு நானும் ஏதோ முனகினேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் என் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

“உங்க வீட்ல சைகோன்ல யாரு இருந்தது?”

மில் தறிச் சத்தத்திலேயே காலம் தள்ளியதில் அப்பாவுக்குக் காது மந்தம்.

“சைக்கிள்லயா? நான்தான். சர்வீஸ் பூரா சைக்கிள்லதான்.”

“அடேயப்பா! சர்வீஸ் பூராவா! குண்டு கிண்டு பட்டுச்சா?”

“குண்டும் குழியுமாத்தான் இருக்கும். பல வாட்டி வுழுந்து எழுந்திருக்கேன்.”

அவர் எழுந்து நின்று என் அப்பாவுக்குக் கை கொடுத்தார். அப்பாவும் பெருமையாக வாங்கிக்கொண்டார். எனக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒன்றும் விளங்கவில்லை.

பெண்ணும் நானும் தனியாகப் பேச மாடிக்கு அனுப்பினார்கள். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

“நான் பிரான்சுக்கெல்லாம் வர மாட்டேன். எனக்குக் குளிர் ஆவாது. அப்பா கிட்ட சொன்னா கேக்க மாட்டேங்குறாரு, நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க.”

“பிரான்சா? நான் சேதராப்பட்டைத் தாண்டி எங்கயும் போறதில்லைங்க. நைட் ஷிப்ட்.”

அவள் சிரித்த சிரிப்பில் என் தூக்கம் போயே போய்விட்டது. அப்படியே கீழே இறங்கிப் போய்த் தன் அப்பாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள், தனக்குச் சம்மதம் என்றும் சேர்த்தே சொன்னாள். மனிதர் முகம் சுண்டிவிட்டது.

“ராத்திரி வேலைக்குப் போறவருக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறது? ஊர்ல பகல் வேலைக்கா பஞ்சம்? தம்பி, உங்க பயோடேட்டாவக் குடுங்க. நானே வாங்கித் தரேன். பகல் வேலைன்னா கல்யாணம். இல்லன்னா இத்தோட வுட்டுடலாம்.”

பகல் வேலைக்கு நானே நாயாய் அலைந்தவன். எங்கள் கம்பெனியிலேயே பகல் ஷிப்ட் கேட்டுப் பார்த்தேன். யாராவது ரிட்டையர் ஆகட்டும் என்றார்கள். நேரு வீதி ஜவுளிக்கடை ஒன்றில் என் படிப்பைக் கேட்டு எழுந்து நின்று மரியாதை செய்தார்கள், சம்பளத்தைச் சொன்னதும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

பத்துப் பதினைந்து நாள் பெண்ணின் அப்பாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இந்த இடம் கைவிட்டுப் போயிற்று என்று நினைத்தேன். மெஷினைக் கவனிக்காமல் ஒரு பெட்டி பாட்டிலைக் கோணலாக விட்டுத் திட்டு வாங்கினேன்.

ஒரு நாள் சாயங்காலம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். தலை கலைந்திருந்தது, கண் சிவந்திருந்தது. அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்.

“ஏறாத படி இல்லீங்க. பகலுக்கு ஆள் வேணாம்ன்றான். வேணும்ன்றவன் குடுக்கற சம்பளத்துக்கு எம்பொண்ணு சம்பளமே தேவல. கடைசியா கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல கேட்டேன். ராத்திரிக்குத்தான் ஆள் வேணும், வெள்ளக்காரங்க லேட்டா வருவாங்க, பொன்ஸ்வார்னு பிரெஞ்சுல ராத்திரி வணக்கம் சொல்லி சாவி குடுக்கணும்ன்றான். நான் சொல்லிக் காட்டினேன்.”

“என்னாச்சு?” என்றேன்.

“வேலை எனக்குக் குடுத்துட்டான். அலவன்சு வேற. நேத்துலருந்து போறேன்.”

அவர் பெரிய கொட்டாவி ஒன்று விட்டு, என் தோளில் கையை வைத்தார்.

“நாள் பாக்கச் சொல்லுங்க மாப்ள. இப்ப எனக்கே எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்.”