தொப்பூர் ஏற்றத்துக்கு முன்னால்

2024 பிப்ரவரி எட்டாம் தேதி, வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, சேந்தமங்கலத்து மரவள்ளி மாவு ஆலையிலிருந்து கோகிலவாணி அக்கா புதிய லாரியைக் கிளப்பினாள். இருபத்தைந்து டன் மாவு மூட்டை, புனேவுக்கு. அவள் என் பெரியப்பா மகள். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஜனவரியில்தான் நான் திரும்பியிருந்தேன். துணைக்கு வருகிறாயா என்று அவள் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

ஆலை வாசலில் அவளுடைய கொழுந்தன் பிரபாகர் பைக்கில் சாய்ந்து நின்றான்.

"நாளைக்குத் தை அமாவாச. ஒரு நாள் பொறுத்துப் போனா ஆவாதுங்களா, அண்ணி?"

"புனேக்காரனுக்கு நம்ம அமாவாச தெரியாதுங்க, தம்பி. சனிக்கெழம மூட்ட எறங்கோணும்."

"செரி. பேசுனது பேசுனதுதான். வழியில வண்டி படுத்துச்சுன்னா சாவிய என்றகிட்டக் குடுத்துறோணும். அப்புறம் நீங்க ஊட்டப் பாருங்க, நான் வண்டியப் பாக்கறேன்."

"குடுத்தர்றேனுங்க."

அவள் கணவர் அர்த்தநாரி மாமாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய பன்னிரண்டு சக்கர வண்டி இது. யார் ஓட்டுவது என்பதில் வீடே இரண்டாகப் பிரிந்து, கடைசியில் அக்காவுக்குச் சோதனையாக ஒரு நடை மட்டும் தருவது என்று முடிவானது.

அக்கா லாரிக்குப் புதியவள் அல்ல. பத்தாவது முடித்ததும் சங்ககிரியில் ஒரு உதிரிபாகக் கடையில் சாமான் எடுத்துக் கொடுத்தவள். கல்யாணத்துக்குப் பிறகு மாமாவோடு பழைய வண்டியில் ஏழு வருடம் போய் வந்தாள். அவர் தூங்கும் நேரமெல்லாம் ஓட்டியது அவள்தான். ஹெவி லைசென்ஸும் எடுத்திருந்தாள். ஆனாலும் சரக்குச் சீட்டில் ஓட்டுநர் பெயர் எப்போதும் அர்த்தநாரிதான். இந்த நடைக்குத்தான் முதல்முறையாக அவள் பெயரை எழுதினார்கள். சீட்டை வாங்கி மடிக்காமல், முன்கண்ணாடிக்குக் கீழே விரித்து வைத்திருந்தாள்.

ராசிபுரம் தாண்டி ஆண்டகலூர் கேட் வந்தபோது ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

"யூரியா லைட்டு," என்றாள். புகையைச் சுத்தப்படுத்த டீசல் டேங்கை ஒட்டிச் சின்னதாக இன்னொரு டேங்க் இருக்கும். அதில் ஊற்றுகிற மருந்துத் தண்ணீரை ஓட்டுநர்கள் யூரியா என்பார்கள். முந்தின நாள்தான் நாமக்கல்லில் அதை முட்ட நிரப்பியிருந்தாள். இப்போது முள் கால்வாசிக்கும் கீழே கிடந்தது.

"இத்தன குடிக்காது. முள்ளு பொய் சொல்லுதா, இல்ல எங்கயோ ஒழுவுதா?"

மல்லூரில் ஓரம் கட்டினாள். மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தாள். முள் சொன்னது நிஜம். அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தோம். எங்கும் ஈரமில்லை, தரையில் சொட்டுமில்லை. டேங்கைச் சுற்றி வெள்ளையாக அப்பியிருந்ததைத் துணியால் துடைத்துவிட்டு எழுந்தாள். அந்த ஆலைக்குள் நுழைந்து வருகிற எதுவும் வெள்ளையாகத்தான் வரும். என் புருவத்தில்கூட மாவு இருந்தது.

அவள் போன் அடித்தது. வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதெல்லாம் பிரபாகரின் போனில் தெரியும்.

"ஏனுங் அண்ணி, மல்லூருல என்ன வேல? பதினோரு நிமிசமா நிக்குது."

"டீ குடிக்கறமுங்க."

"நான் பைக்குல முன்னாலயே சேலம் வந்துட்டேனுங்க. வேணும்னா வரட்டுங்களா?"

"நீங்க உங்க டீயக் குடிங்க, தம்பி."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்த வண்டிப் பொஸ்தகத்தப் படி, சாமி. இங்கிலீசுல என்ன எழுதியிருக்கான்?"

படித்தேன். முதலில் விளக்கு எரியும். கவனிக்காவிட்டால் இழுவை குறையும். அப்புறமும் விட்டால், என்ன மிதித்தாலும் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும். கம்பெனி சர்வீஸ் எண்ணுக்குப் பேசினேன். நாளை காலை சேலத்துப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கலாம் என்றார்கள்.

"நாளைக்கா? அதுக்கு இப்பவே தம்பிகிட்டச் சாவியக் குடுத்தர்லாம்."

வழியில் ஒரு பங்க்கில் இருபது லிட்டர் கேன் யூரியா வாங்கி வண்டியில் ஏற்றினாள். ஊற்றவில்லை. ஓட்டை எங்கே என்று தெரியாமல் ஊற்றுவது ரோட்டுக்கு ஊற்றுவது மாதிரி என்றாள். ஓமலூர் போவதற்குள் இடம் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். தெரியவில்லை. டோல்கேட்டைத் தாண்டியதும் இழுவை குறைந்தது. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த, கம்பளியில் வாயைப் பொத்தின மாதிரி எஞ்சின் முனகியது.

முன்னால் தொப்பூர் கணவாய். இருபத்தைந்து டன்னோடு அந்த மேட்டில் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பின்னால் கன்டெய்னர்கள், பேருந்துகள், குழந்தைகளை ஏற்றிய கார்கள். நிறுத்தினால் பிரபாகர் வந்துவிடுவான். ஒரு கிலோமீட்டர் அப்படியே போனாள். பிறகு இண்டிகேட்டர் போட்டு, ஒரு டீக்கடைக்கு எதிரே அகலமான மண்ணில் வண்டியை நிறுத்தினாள்.

ஐந்து நிமிடத்தில் போன். "வாரேனுங்க அண்ணி. அங்கேயே இருங்க."

அவள் போனை வைத்துவிட்டு மறுபடி வண்டிக்கு அடியில் படுத்தாள்.

"இங்க வா, சாமி. இத மல்லூருல தொடச்சமா இல்லியா?"

துடைத்த இடத்தில் மறுபடி வெள்ளை.

"தொடச்சோம். மூட்டையில இருந்து கொட்டியிருக்கும்."

"மூட்ட மேல, தார்ப்பாய் கட்டிக் கெடக்குது. இது கீழ, உள்பக்கம்."

நகத்தால் சுரண்டிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து டீக்கடைக்காரரிடம் இரண்டு டம்ளர் கேட்டாள். ஒன்றில் அந்தப் பொடி. இன்னொன்றில், தார்ப்பாய்க்குள் கைவிட்டு எடுத்த மாவு.

"ரெண்டுலயும் கொதிக்கற தண்ணி ஊத்துங்கண்ணா. டீத்தூள் வேண்டாம்."

"எங்கடையில டீத்தூள் இல்லாம கேட்ட மொத ஆளு நீங்கதானுங்," என்று ஊற்றினார்.

மாவு கரண்டியில் ஒட்டிக்கொண்டு கஞ்சியானது. மற்ற டம்ளரில் பொடி கரைந்து தண்ணீர் தெளிந்து நின்றது.

"ஒழுவறது யூரியாதான்," என்றாள் அக்கா. "சொட்டுமுன்ன சைலன்சர் சூட்டுல காஞ்சு உப்பாயிருது. நான் கூறுகெட்டுப்போய் மாவுன்னு தொடச்சுட்டு வாரேன்."

வெள்ளையைத் தொடர்ந்து மேலே போனாள். டேங்கிலிருந்து போகும் கறுப்புக் குழாய், ஒரு இணைப்பில் அரை விரற்கடை வெளியே தெரிந்தது. அடிச்சட்டமான சேஸிஸை மட்டும் வாங்கி வந்து நாமக்கல் பட்டறை ஒன்றில் பாடி கட்டியிருந்தார்கள். வெல்டிங்குக்கு இடம் வேண்டி டேங்கைக் கழற்றியவர்கள், மாட்டும்போது குழாயை முழுக்கத் தள்ளவில்லை. ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அசையவில்லை. காலை ஊன்றி மறுபடி அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது.

எழுந்து கேனைக் கவிழ்க்கும்போது பிரபாகர் வந்து நின்றான்.

"படுத்துருச்சுங்களா?"

"நிறுத்தியிருக்கறனுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க அண்ணி. சாவி."

அவள் முகத்தில் கிரீஸ், தலையில் மண். கேனில் கடைசிச் சொட்டு இறங்கும்வரை நிமிரவில்லை. பிறகு ஏறி, சாவியைத் திருப்பி, முள் எழும்பக் காத்திருந்து எஞ்சினைக் கிளப்பினாள். இணைப்புக்குக் கீழே செய்தித்தாளைக் கட்டிவிட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டாள். மூன்று பேரும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். நனையவில்லை. எஞ்சினை இரண்டு முறை அணைத்துக் கிளப்பிய பிறகுதான் மஞ்சள் விளக்கு போனது.

"தம்பி, நீங்க பைக்குல பின்னாடியே வாங்க. கணவாயில மூச்சு வாங்கி நின்னுச்சுன்னா, அங்கயே எறங்கிச் சாவியக் குடுத்துட்டு பஸ் ஏறிக்கறேன்."

"பொறத்தால வந்தா வண்டி எம்மேலயில்ல எறங்கும்?"

"அப்ப முன்னால போங்க."

முன்னாலேயே போனான். ஏற்றத்தின் முதல் வளைவில் அவள் கியரைக் குறைத்தாள். இல்லாத பிரேக்கை என் கால் மிதித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது வளைவில் ஒரு டிரெய்லர் எங்களுக்கு முன்னால் திணறி வேகம் குறைந்தது. வேகத்தை விட்டால் மறுபடி எடுக்க வேண்டும். அவள் விட்டாள், காத்திருந்தாள், மிதித்தாள். எஞ்சின் தயங்காமல் இழுத்தது. உச்சி தாண்டும்வரை சாலையைத் தவிர எச்சரிக்கை விளக்குகளை மட்டும்தான் பார்த்தாள்.

மேலே பிரபாகர் பைக்கை நிறுத்தி நின்றிருந்தான். அக்கா வேகத்தைக் குறைக்கவில்லை. ஹாரன் மட்டும் அடித்தாள். அவன் கையைப் பாதி தூக்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன். சனிக்கிழமை மதியம் புனேயில் மூட்டை இறங்கியது. அடுத்த நடைக்கும் அவள் பெயரைத்தான் எழுதினார்கள். பிரபாகர் பழைய வண்டியை எடுத்துக்கொண்டான். ஆறு மாதம் அவளிடம் நேராகப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மே மாதமே நான் மறுபடி கிளம்பிவிட்டேன். 2025 ஜூலையில், கௌஹாத்தியில் இருந்தபோது, அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது:

"பிரபாகரு பொண்டாட்டி நர்மதா ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டா சாமி. அவனே எங்கிட்டக் கூட்டிட்டு வந்து விட்டான். அவள உங்க வண்டிலயே ஏத்திக்கங்க தம்பிங்கறேன், எனக்குப் பொறுமையில்லீங்க அண்ணி, நீங்களே ஓட்டிப் பழக்குங்கங்கறான். திங்கக்கெழம இந்தூரு போறோம். சரக்குச் சீட்டுல ரெண்டு பேரு பேரையும் எழுதச் சொல்லியிருக்கறேன்."