நிறைந்த டின்

பயிற்சிக் கல்லூரி முடித்து அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு வந்த புதிதில், சரிவில் பொருள்கள் உருளும் பாடத்துக்குப் பட்டியல் கொடுத்தேன்: பலகை, வெறும் டின், நிறைந்த டின். நிறைந்ததைக் காமாட்சி கொண்டுவந்தாள்.

பலகையின் உச்சியிலிருந்து இரண்டையும் ஒன்றாக விட்டோம். நிறைந்தது முந்தியது, நிற்காமல் பாதையில் இறங்கிக் கல்லில் மோதியது. மூடி தெறித்து, உள்ளே இருந்த பால்மா எல்லாம் சாக்கடையில் கொட்டியது.

"தம்பியோட பால்மா டீச்சர்," என்று காமாட்சி அழுதாள்.

மத்தியானம் கொழுந்துக் கூடையோடு வந்த அவள் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். சாயங்காலமே வேறு டின் வாங்கித் தருவதாகவும் சொன்னேன்.

"சரிங்க டீச்சர். அதுவரைக்கும், நாங்க வேலைக்குப் போறப்போ பிள்ளைய விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பரா ஆயாகிட்ட பால் கேட்டுக் குடுத்துக்கிறேன். ஆமா, எது மொதல்ல வந்துச்சுங்க?"

"நிறைஞ்சதுதாங்க."

"மண்ணப் போட்டா உருளாதுங்களா?"

"உருளும்," என்றேன். முகம் சுட்டது.

அவர் சிரித்துக்கொண்டே கூடையை இறக்கினார். காலியான பால்மா டின்னில் மண்ணை அள்ளி நிரப்பி, "எனக்கும் ஒருதரம் காட்டுங்க," என்றார்.

மண் டின் ஜெயித்தது. மகளோடு சேர்ந்து அவரும் கைதட்டினார்.

இப்போதும் பட்டியல் எழுதுகிறேன். ஒவ்வொரு பொருளும் எந்த வீட்டிலிருந்து வரும் என்று யோசித்த பிறகே எழுதுகிறேன்.