முப்பத்தொன்றாம் இலக்க அட்டை

மெல்பேர்னிலிருந்து சிட்னிக்குப் பகல் ரயிலில் பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்தான் என்று மகன் சொன்னான். விமானத்தில் பையைத் தலைக்கு மேலே வைக்கச் சொல்வார்கள். பிறகு யாராவது வந்து அதைத் தள்ளி, நெரித்து, தங்கள் பெட்டியை அதன்மேல் ஏற்றுவார்கள். என் பையில் நாற்பத்தேழு கிரிக்கெட் அட்டைகள் இருந்தன. எல்லாம் அறுபது வயது தாண்டியவை. நான் ரயிலுக்குத்தான் சீட்டு எடுத்தேன்.

மனைவி என் மாத்திரைப் பெட்டியை நிரப்பிக்கொண்டே, ஒரு துண்டுக் கடதாசிக்காகச் சிட்னிக்குப் போகிற முதல் ஆள் நான்தான் என்றாள். ஒரு துண்டுதான், ஆனால் அது சேர்ந்தால்தான் நாற்பத்தெட்டு என்றேன். நாற்பத்தெட்டு ஆனால் என்ன தருவார்கள் என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டியது எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது. அப்போது ஒரு மட்டை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அமெரிக்காவில் பேஸ்போல் அட்டை சேர்ப்பது பெரிய வியாபாரம் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் சேர்த்தது கிரிக்கெட் அட்டை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த கடையில் ஐந்து சதத்துக்கு ஒரு சுவிங்கம் விற்றார்கள். தட்டையான ரோஸ் நிறத் துண்டு. அதன் மேல் வெள்ளைமா தூவியிருக்கும். அதோடு ஒட்டியபடி ஒரு அட்டை. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவர் எடுத்த ஓட்டங்கள், கீழே இலக்கம். ஒன்று முதல் நாற்பத்தெட்டு வரை. நாற்பத்தெட்டையும் சேர்த்து ஏஜென்ட் கடைக்குக் கொண்டுபோனால் ஒரு கிரிக்கெட் மட்டை இனாம். அந்த மட்டை பெரிய தெருவில் ஏஜென்ட் கடை வாசலில் சணல் கயிற்றில் தொங்கியது. கயிறு இற்றுப்போய் இரண்டு தரம் மாற்றிக் கட்டினார்கள். மட்டையை யாரும் கழற்றவில்லை.

காரணம், முப்பத்தொன்று வரவேயில்லை.

எங்கள் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். ஒருநாள் மழைக்கு ஆசிரியர் வராதபோது எல்லாருடைய அட்டைகளையும் வாங்கி மேசைகளில் பரப்பி இலக்கப்படி அடுக்கினேன். அறுநூற்றுப் பதினேழு அட்டைகள். அவற்றில் பத்தொன்பதாம் இலக்கம் மாத்திரம் ஐம்பத்திரண்டு. அது ஒரு இங்கிலாந்துத் தொடக்க ஆட்டக்காரர், கையுறையைச் சரிசெய்துகொண்டு நிற்பார். அவரை யாரும் மதிக்கவில்லை. சைக்கிள் சில்லுக் கம்பியில் செருகி 'டர்ர்' என்று சத்தம் வரப் பண்ணுவதற்கு அவர்தான். முப்பத்தொன்று இருக்க வேண்டிய இடத்தில் மேசைப்பலகைதான் தெரிந்தது. அந்த அட்டையில் இருப்பது யார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. மேற்கிந்திய வேகப் பந்துவீச்சாளர் என்று ஒருவன் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தான். இந்தியக் கப்டன் என்று இன்னொருவன். அதற்காக இருவரும் ஒரு தவணை முழுக்கப் பேசாமலிருந்தார்கள்.

என் அப்பா தபால் கந்தோரில் எழுதுவினைஞர். அரசாங்க உத்தியோகத்தருக்கு வருடத்தில் சில தரம் குடும்பத்தோடு இலவசமாக ரயிலில் போக வாறண்ட் கொடுப்பார்கள். அந்த வருடம் அதில் ஒன்றைக் கொழும்புக்குப் பாவிக்க வேண்டும் என்று நான் நின்ற பிடி அம்மாவுக்கே விளங்கவில்லை. மாமா வீட்டைப் பார்க்க ஆசை என்று சொன்னேன். கொழும்பில் முப்பத்தொன்று கட்டாயம் இருக்கும் என்பது என் கணக்கு. மாமா இருந்த வெள்ளவத்தையில் இறங்கிய அன்றே மாமா தந்த காசோடு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சுவிங்கம் எடுத்துத் தந்தார். உள்ளே ஆகாயக் கப்பல் படம், அதுதான் விமானம். எட்டு வாங்கினேன், எட்டிலும் ஆகாயக் கப்பல். கிரிக்கெட் அட்டை முடிந்து ஐந்தாறு மாதமாகிவிட்டது, அது பழைய சாமான், மிச்சத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியிருப்பார்கள் என்றார் கடைக்காரர். அதே ஆகாயக் கப்பல்கள் எங்கள் பள்ளிக்கூடக் கடைக்கு அடுத்த வருடம்தான் வந்து சேர்ந்தன. வந்தபோது நான் வாங்கவில்லை.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு இலக்கத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டுத்தான் பெட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று பெரியவனான பிறகு எனக்குத் தோன்றியது. மட்டை கொடுக்காமல் இருப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

பிறகு சண்டையில் எல்லாம் போயிற்று, வீடும் போயிற்று. அட்டைகள் மாத்திரம் தப்பியதற்குக் காரணம் என் சின்னக்கா. எழுபதுகளில் லண்டனுக்குப் போனபோது நூலும் பொத்தானும் இருக்கிற தகரப்பெட்டி என்று நினைத்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நாற்பத்தொரு அட்டைகள். இருபது வருடங்களுக்கு முன் அதை எனக்குத் தந்தபோது, "உன்ர குப்பையாலை எனக்கு அண்டைக்கு ஒரு பொத்தான் தைக்கேலாமல் போச்சு" என்றாள். மீதி ஆறை இணையத்தில் ஒவ்வொன்றாக வாங்கினேன். முப்பத்தொன்று அங்கேயும் இல்லை.

போன வருடம் மெல்பேர்னில் கேரம் டவுன்ஸ் கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது முன்னுக்கு நின்ற பொடியனிடம் ஏதோ பேச்சில் இதைச் சொன்னேன். பொடியன் என்றால் நாற்பத்தைந்து வயது இருக்கும். சிட்னியில் கணக்காளர், தேருக்கு வந்தவர். "அங்கிள், எங்கட மாமியும் உந்த விசர் பிடிச்சவதான்" என்றார். அவருடைய மனைவியின் தாயார். சிட்னியில் லிட்கம் என்ற இடத்தில் தனியாக இருக்கிறார். சின்ன வயதில் மலைநாட்டில், பதுளையில் வளர்ந்தவர்; தகப்பனுக்கு அங்கே கடை இருந்தது. என் தட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் நகருங்கோ நகருங்கோ என்று சொன்னார். நான் நகரவில்லை, முதலில் தொலைபேசி இலக்கத்தை வாங்கினேன்.

அன்று பின்னேரமே அழைத்தேன். நான் யாரென்று சொல்லி முடிக்க முன்னமே அந்த அம்மா கேட்டார்: "பத்தொன்பது இருக்கோ?"

"இருக்கு."

"எத்தினை?"

"ஒண்டுதான்."

பதுளைக்குப் பத்தொன்பது வரவேயில்லை என்று சொன்னார். தன்னிடம் நாற்பத்தேழு இருக்கிறது. முப்பத்தொன்றும் இருக்கிறது, ஒரேயொரு பிரதி. விற்க மாட்டார். ஆனால் வந்து பார்க்கலாம்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு இலக்கத்தை விட்டிருக்கிறார்கள் என்ற என் கணக்கு அறுபது வருடத்துக்குப் பிறகு சரிவந்தது. சந்தோஷப்பட நேரமிருக்கவில்லை, உடனே வேறொரு கணக்கு தொடங்கிவிட்டது. பத்தொன்பதைக் கொடுத்து முப்பத்தொன்றை வாங்கினால் என் நாற்பத்தேழு நாற்பத்தேழாகவேதான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் சில்லுக்குச் செருகிய பத்தொன்பதில் இன்னொன்றைத் தேடி மூன்று மாதம் இணையத்தில் அலைந்தேன். ஒன்று அகப்படவில்லை. எல்லாவற்றையும் நாங்களே சைக்கிளில் ஓட்டித் தேய்த்து முடித்திருக்கிறோம். ரயிலில் பதினொரு மணித்தியாலமும் இதையே யோசித்தேன். வழி ஒன்றும் வரவில்லை. ஆனாலும் முழுத் தொகுப்பு இல்லாமல் திரும்புவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

லிட்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் அந்த அம்மாவின் வீடு, மூன்றாம் மாடி. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கதவைத் திறந்ததும் என் பையைப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் கதிரையில் இருந்தபடியே பேசினார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு, மெல்பேர்னில் எல்லாரும் பைத்தியமாக இருக்கிற ஃபுட்டிக் கால்பந்து அட்டை இரண்டு பைக்கற் வாங்கிப் போயிருந்தேன். அதைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, உதுகளை இஞ்ச ஆருக்கும் தெரியாது. இது ரக்பி லீக் ஊர்."

அது எனக்குத் தோன்றவில்லை. மெல்பேர்னில் எங்கள் நோபல் பார்க் கடையில் இருப்பதெல்லாம் சிட்னிக் கடையிலும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். இத்தனை வயதுக்குப் பிறகும் கொழும்புக்குப் போய் ஏமாந்த அதே பிழை.

மேசையில் ஒரு கேக் பெட்டி. அதைத் திறந்து, எண்ணாமலே நடுவில் விரலை விட்டு ஒன்றை எடுத்து என் முன் வைத்தார்.

அது வேகப் பந்துவீச்சாளரும் இல்லை, கப்டனும் இல்லை. அவுஸ்திரேலிய விக்கெட் காப்பாளர். குந்தி இருக்கிறார், காது இரண்டும் தொப்பிக்கு வெளியே தள்ளியிருக்கிறது, கமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறார். அழகான படம் என்று சொல்ல முடியாது. மெல்பேர்னுக்கு வந்து முப்பது வருடத்தில் பஸ்ஸிலும் மார்க்கட்டிலும் இப்படி எத்தனையோ முகங்களைக் கண்டிருப்பேன். அட்டையைத் தொடாமல் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். முப்பத்தொன்று. மூலை நான்கும் மடங்கவில்லை. எனக்கு நீரிழிவு, சீனி இறங்கிவிட்டதோ தெரியாது என்று சொல்லி ஒரு பிஸ்கற் கேட்டுச் சாப்பிட்டேன்.

கடைக்காரரின் மகள் என்றபடியால்தான் இவ்வளவு புத்தம் புதிதாக வைத்திருக்கிறார் என்றேன். கடைக்காரரின் மகளுக்கு ஒன்றும் கிடைக்காது, அப்பா ஒவ்வொரு பெட்டியையும் எண்ணித்தான் வைப்பார், பொடியன்களோடு அட்டை சுண்டி வென்றதுதான் இவ்வளவும் என்றார்.

அட்டை சுண்டுவது எங்களுக்கும் இருந்தது. நிலத்தில் ஒரு கோடு. அதற்கு இந்தப்பக்கம் நின்று ஆளுக்கு ஒன்றாக அட்டையை விரலால் சுண்டிச் சுவரை நோக்கி எறிய வேண்டும். யாருடைய அட்டை கீழே கிடக்கிற ஒன்றின்மேல் விழுகிறதோ அவருக்கு எல்லாம். நான் பத்தொன்பதை எடுத்து முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எனக்கு வயசு எழுபத்தொண்டு. உங்களுக்கு எழுபத்தாறு. கணக்குப்படி பார்த்தால்..." என்று தொடங்கினேன்.

"வயசைக் கணக்குப் பார்க்கிறீர். உம்மட சீனியைக் கணக்குப் பார்த்தனீரோ?" என்றார். பிறகு, "சுண்டுவமோ?"

பழைய அட்டைகளால் விளையாடுவதில்லை என்பதில் இருவருக்கும் ஒரே அபிப்பிராயம். நான் கொண்டுபோன ஃபுட்டி அட்டைகள் எனக்கு. பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்ட பேரன் விட்டுச்சென்ற ரக்பி அட்டைகள் அவருக்கு. வெல்பவருக்கு மேசையில் இருக்கிற இரண்டும். குசினிக்கும் வாசலுக்கும் இடையில் உள்ள நடையில் செருப்பு ஒன்றைக் கோட்டுக்குப் பதிலாக வைத்தோம். அவர் கதிரையில் இருந்தபடி எறியலாமா என்று கேட்டார். முழங்கால் இரண்டும் இரும்பு. சரி என்றேன். அது பெருந்தன்மை இல்லை; இருந்தபடி எறிந்தால் கை வீச்சுக் குறையும், எனக்கு வசதி என்று நினைத்தேன்.

முதல் எட்டு எறியும் வீண். ஒரு கண்ணில் கண்புரை வெட்டி வைத்த புது வில்லை, மற்றதில் பழையது, தூரம் பிடிபடவில்லை. ஒன்பதாவதாக நான் சுண்டியது வழுக்கிக்கொண்டு போய், ஒரு ரக்பிக்காரரின் தோள்மேல் ஓரத்தை வைத்துக்கொண்டு நின்றது.

"விழுந்திட்டுது" என்றேன்.

கதிரையிலிருந்து குனிந்து பார்த்தார். "எங்க விழுந்தது? தொட்டுக்கொண்டெல்லோ கிடக்கு."

"ஓரம் பட்டால் போதும்."

"ஆர் சொன்னது? பாதியாவது மூடவேணும்."

யாழ்ப்பாணத்தில் ஓரம் பட்டால் போதும் என்று நான் சொன்னேன். பதுளையில் பாதி மூடவேண்டும் என்று அவர் சொன்னார். எல்லாவற்றையும் எண்ணுகிற நான், விளையாட முன் சட்டத்தைப் பேசி வைக்க மறந்திருந்தேன். கொஞ்சம் சத்தமாகவே வாதாடினேன் என்று நினைக்கிறேன். அவர் சத்தம் போடவில்லை.

"தம்பி, நீர் சின்னனில வேற ஒழுங்கைப் பொடியளோட போய் விளையாடேல்லையோ? அப்ப ஆற்ற சட்டம்?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். யாருடைய முற்றமோ, அவர்களுடைய சட்டம். அடுத்த ஒழுங்கைக்குப் போனால் நாங்களும் வாயைப் பொத்திக்கொண்டு அவர்களுடைய சட்டத்துக்குத்தான் விளையாடினோம். என் அட்டையைத் திருப்பி எடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் மூன்றே எறிதான். மூன்றாவது, என் ஆளின் முகத்தை முழுவதுமாக மூடிக்கொண்டு விழுந்தது. ஓரம், பாதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

பத்தொன்பதைக் கேக் பெட்டிக்குள் அதன் இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தார். சைக்கிளில் நாங்கள் கிழித்தெறிந்த அந்தக் கையுறைக்காரர் அறுபது வருடம் இவருக்குக் குறையாக இருந்திருக்கிறார். என்னிடம் இப்போது நாற்பத்தாறு.

தேநீர் குடிக்கும்போது கேட்டேன், தேருக்கு ஒவ்வொரு வருடமும் கேரம் டவுன்ஸ் வருவீர்களா என்று. மருமகனோடு வருவேன் என்றார். அங்கிருந்து நோபல் பார்க் கிட்டத்தான், எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்றேன். பத்தொன்பதையும் முப்பத்தொன்றையும் கொண்டுவர வேண்டும்.

"அப்ப நீர் எதை வைப்பீர்?"

"நாப்பத்தாறையும்."

கோப்பையைக் கீழே வைத்தார். என்னை நன்றாகப் பார்த்தார்.

"மனுசிக்குச் சொல்லிப்போட்டு வையும்" என்றார்.

மனைவிக்குச் சொல்லிவிட்டேன். அவள் கேட்டதெல்லாம், காரை எங்கே விடுவது என்பதுதான். காராஜுக்குள் சீமெந்துத் தரையில் சோக்கால் கோடு போட்டிருக்கிறேன். கார் இரண்டு கிழமையாக வெளியே மழையில் நிற்கிறது. கதிரை ஒன்றும் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன், வருகிறவரின் முழங்காலுக்காக. காலை மாத்திரைக்குப் பிறகு இருபது எறி, பின்னேரம் இருபது. நேற்றுக் காலை இருபதில் மூன்று ஓரம் பட்டது. இன்று ஆறு.

பாதி மூடியது இன்னும் ஒன்றுமில்லை. அதைப்பற்றி நான் கவலைப்படவில்லை. நோபல் பார்க்கில் ஓரம் பட்டால் போதும்.